பரண்மேல் ஏறிய காபி

அன்று செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் அந்தக் காபிக் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஜவ்வாது மலையில் ஆலங்குட்டையிலிருந்து இறங்கி வந்த சடையன். அவர் மகள் பாஞ்சாலை. தோட்டத்தைப் பார்ப்பவள் அவள்தான். அவர் மகன் முருகவேல். வேங்கிக்காலில் மாடி வீடு கட்டிக்கொண்டு, சொந்த ஊர் எது என்று கேட்டால் போளூர்ப் பக்கம் என்று சொல்லிப் பழகியவன். கடைக்குச் சொந்தக்காரி நந்தினி, சென்னைக்காரி. ருசி பார்ப்பதற்கென்றே பெங்களூரிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரணவ். டவுனில் புளியும் தேனும் கடுக்காயும் காபிக்கொட்டையும் வாங்கி விற்கும் மண்டிக்காரர் ஜியாவுல்லா. இவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. தாங்களும் உள்ளே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் முன்கடையில் கேக் தின்றுகொண்டிருந்தவர்கள்.

அந்த அறையில் நாற்காலி என்று போட்டிருந்தவை முழங்கால் உயரம்கூட இல்லை. காசு கொடுத்துக் காபி குடிக்க வருகிறவனை எதற்காகத் தரையோடு தரையாக உட்கார வைக்க வேண்டும் என்று சடையனுக்கு விளங்கவில்லை.

"உக்காருங்க தாத்தா" என்றாள் நந்தினி.

"நிக்கிறேன்" என்றார் அவர். தன்னைத் தாத்தா என்று கூப்பிட இவள் எந்த வழியில் பேத்தி என்று யோசித்தார். அப்படி ஒரு வழியும் இல்லாததில் அவருக்குத் திருப்தியாக இருந்தது.

மேசையில் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் காபித்தூள், அதன் மேல் கொதிநீர். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது, வெல்லமும் கிடையாது. பிரணவ் ஒரு கரண்டியால் மேலே படிந்த நுரையை விலக்கி, மூக்கைக் கோப்பைக்குள் விடாத குறையாக மோந்து பார்த்தான். பிறகு ஒரு கரண்டி எடுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி சர்ரென்று உறிஞ்சினான். வாயில் வைத்து உருட்டினான். பக்கத்தில் இருந்த எவர்சில்வர் குவளையில் துப்பினான். அடுத்த கோப்பைக்குப் போய் மறுபடியும் உறிஞ்சினான், மறுபடியும் துப்பினான்.

சடையன் வீட்டில் கொடுத்ததை வாயில் வைத்துவிட்டுத் துப்பியவன் ஒரே ஒருவன் உண்டு. பெண் கேட்டு வந்தவன் அவன். அந்தச் சம்பந்தம் வாசலோடு முடிந்தது. இங்கே துப்புவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெரிந்த மலையைப் பார்த்தார்.

இந்தக் காபி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். சடையனின் அப்பா காலத்தில் வைத்த செடிகள் அவை. பலா மரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் அடியில், மலைச் சரிவில், ஒரு குடும்பம் தன் கையாலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய அளவு தோட்டம். பழுத்ததும் பழுக்காததும் ஒன்றாக உருவி, களத்தில் கொட்டிக் காயவைத்து, புளியோடும் கடுக்காயோடும் சேர்த்து ஜியாவுல்லாவின் மண்டியில் போட்டுவிட்டு, அங்கேயே மட்டன் குழம்போடு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மலையேறிவிடுவார்கள். அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

பாஞ்சாலை புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்த பிறகுதான் எல்லாம் மாறிற்று. எங்கேயோ போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். சிவந்த பழத்தை மட்டும்தான் பறிக்க வேண்டும் என்றாள். ஒரே செடிக்கு நாலைந்து முறை போக வேண்டியதாயிற்று. மார்கழிப் பனியில் விரல் மரத்துப்போகும்; முசுறு எறும்பு கழுத்துக்குள் இறங்கிக் கடிக்கும். கூலிக்கு வந்த பெண்கள் காய் ஒன்றைத் தவறிப் போட்டுவிட்டால் கூடைக்குள் கைவிட்டு எடுத்து எறிவாள். பறித்த அன்றே கைமெஷினில் தோல் உரித்து, தொட்டியில் ஊறப்போட்டு, வழவழப்புப் போகக் கழுவி, தரையில் படாமல் கம்பு நட்டுக் கட்டிய வலையில் பரப்பி, வெயில் ஏறினால் நிழல் கட்டி, பனி இறங்கினால் மூடி வைப்பாள். சாமைச் சோறும் கொள்ளுக் கடைசலும் சட்டியில் ஆறிக்கிடக்கும். அவள் வலையைத் துழாவிக்கொண்டு நிற்பாள்.

"கொட்டையத் தொட்டில்ல போட்டுத் தாலாட்டுறா சடையன் பொண்ணு" என்று ஊர் சிரித்தது. சடையனும் சிரித்தார். ஆனால் இரவில் மழை தூறினால் முதலில் எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்து மூடியது அவர்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இந்தத் தை மாதத்தில் ஒரு பை கொட்டை மாதிரிக்கு இங்கே வந்தது. இதே பிரணவ் உறிஞ்சிப் பார்த்து, துப்பிப் பார்த்து, ஆகா என்றான். நந்தினி காரில் மலையேறி வந்தாள். அறுவடை முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், பாக்கெட்டில் உங்கள் குடும்பத்துப் பெயரைப் போடுகிறேன் என்றாள். இந்த வருஷத்துக் கொட்டை சரியாக இருந்தால் அடுத்த வருஷம் ஊரில் மற்ற வீட்டுக் காபியையும் எடுப்பதாகப் பேச்சு. பாஞ்சாலை வீடு வீடாகப் போய் அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தாள். பெயர் விஷயத்தைச் சடையன் காதில் வாங்காதவர்போல இருந்தார். ஆனால் அன்றிலிருந்து ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்குப் போகும்போது வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தார்.

அந்த அறுவடைதான் இப்போது மேசைமேல் கோப்பைகளில் இருந்தது.

பிரணவ் கரண்டியை வைத்தான். "இது வேற காபிங்க. சாம்பிள் அவ்வளவு க்ளீனா இருந்தது. இதுல புகை நாத்தம். எல்லா கப்லயும் அதே. விறகடுப்புப் புகை. இதை யாருக்கும் கொடுக்க முடியாது."

பாஞ்சாலை ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தாள். அவள் துப்பவில்லை. இன்னொன்றை எடுத்துக் குடித்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. "ஆமாங்க, வாசன அடிக்குது. எப்படின்னு எனக்குத் தெரியலீங்க."

"பாஞ்சாலை, நான் உங்களை நம்பித்தான் வந்தேன்" என்றாள் நந்தினி. "வெளிக்கொட்டை ஏதாவது கலந்தீங்களா? இருந்தா சொல்லிடுங்க."

"கலக்கறதுக்கு எனக்கு இன்னாங்க வந்துச்சி. ஒவ்வொரு பழமா பொறுக்குனவ நானு."

"அக்கா, எடை கொஞ்சம் கம்மியா வந்துருக்கும், ஊர்ல யார்கிட்டயாவது வாங்கிச் சேத்துருப்ப" என்றான் முருகவேல். "ஒத்துக்கிட்டா முடிஞ்சி போச்சி. மேடம் நல்லவங்க. நான்தானே பேசி வுட்டேன், எனக்கும் ஒரு மரியாத இருக்குல்ல."

"நீ வாய மூடு. உன் மரியாதைக்கு ஒரு நாளு வந்து பழம் பொறுக்கினியா? எறும்பு கடிக்கும்னு ஏரிக்கரையிலியே காருக்குள்ள குந்திக்கினு இருந்தவன் நீ."

கொட்டை சரியில்லை என்று நந்தினி முருகவேலிடம் முன்பே சொல்லியிருந்தாள்; அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரிந்து அவன் ஒரு காரியம் செய்திருந்தான். ஜியாவுல்லாவை வரச் சொல்லியிருந்தான். "பாய், நீங்களே சொல்லுங்க. அக்கா உங்க மண்டியில கொட்ட வாங்கிச்சா?"

ஜியாவுல்லா அந்தக் குட்டை நாற்காலியில் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "முருகவேலு, அவசரம், ஒடனே வாங்கன்னு சொன்ன. கவுண்டருக்கு ஒடம்புக்கு ஏதோன்னு நெனச்சி பாதி சோத்துல எழுந்து வந்தேன். இதுக்குத்தானா?"

"சொல்லுங்க பாய்."

"உங்க அக்கா என் மண்டி வாசப்படிய மிதிச்சி மூணு வருசம் ஆவுது. மூட்ட குடுக்கறதையே நிறுத்திட்டா, எங்கிட்ட வந்து வாங்குவாளா? எனக்கு அவமேல வருத்தம் ஜாஸ்திதான். அதுக்காவ இல்லாதத சொல்ல மாட்டேன்." பிறகு சடையனைப் பார்த்து, "இன்னா கவுண்டரே, நீங்க ஒண்ணுமே பேசல?" என்றார்.

சடையன் மேசைமேல் இருந்த கோப்பைகளைப் பார்த்தார். புகை என்ற சொல் விழுந்த உடனேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

மாசியில் அகாலமாக ஒரு மழை பிடித்தது. பாஞ்சாலை தன் மகளின் பிரசவத்துக்குப் போளூர் போயிருந்தாள். காய்ந்த கொட்டை மூட்டைகள் முன்னறையில், அவள் அடுக்கிய பலகையின் மேல் இருந்தன. சிமென்ட் தரை வேர்த்தது. சுவர் வேர்த்தது. மூட்டையில் கை வைத்தால் ஈரம் தட்டுவதுபோல இருந்தது. சடையன் வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே ஒரு பரண் உண்டு. விதைச் சாமையும் விதைக் கேழ்வரகும் அங்கேதான் இருக்கும். புகை ஏறி ஏறிப் பரண் கறுத்து மினுங்கும். அங்கே பூச்சி அண்டாது, ஈரம் அண்டாது. சாப்பாட்டுக்கு உள்ள தானியம் கீழே குதிரில் கிடக்கும். வருஷம் தப்பாமல் வீட்டைக் காக்க வேண்டியது மட்டும்தான் மேலே போகும். அவர் விதைச் சாமையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஏணியில் ஏறி ஏறி இறங்கி, தனி ஆளாக அத்தனை மூட்டையையும் பரணில் ஏற்றினார். தோள் வலி அடங்க வெகுநாள் ஆயிற்று. மழை விட்ட பிறகும் இறக்கவில்லை. மகள் பாடுபட்ட பொருள், அதற்கு ஏற்ற இடத்தில் இருக்கிறது என்று விட்டுவிட்டார். மகள் திரும்புவதற்கு முன்பே கடையிலிருந்து ஜீப் வந்தது; அவரே இறக்கிக் கொடுத்தார். மகள் திரும்பி வந்தபோது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எங்கே எதை வைத்தேன் என்று அந்த வீட்டில் ஆண்கள் கணக்குக் கொடுப்பதில்லை.

அதை இப்போது இந்தக் கரண்டிக்காரனிடம் எடுத்துச் சொல்ல வேண்டுமா? வீட்டுக்குள் ஏணி எங்கே இருக்கிறது, பரண் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கடைக்காரிக்கு எதற்கு? அப்படித்தான் அவர் நின்றார். மகள் ஒவ்வொரு கோப்பையாக எடுத்துக் குடித்துப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நந்தினி பெருமூச்சு விட்டாள். பிரணவிடம்தான் சொன்னாள், ஆனால் தமிழில் சொன்னாள். "மலையில இதே பிரச்சினைதான். முதல்ல நல்லதைக் காட்டுவாங்க. அப்புறம் மூட்டையில வேறதான் வரும். இனிமே அந்த ஊர்ப் பக்கமே வேண்டாம்."

"இந்தாம்மா" என்றார் சடையன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எம் பொண்ணு ஒண்ணும் கலக்கல. நாந்தான் மூட்டைய தூக்கி அடுப்பு மேல பரண்ல வெச்சேன். மழ பேஞ்சிது, வெச்சேன். எங்க வூட்ல ஒசந்தது எதுவோ அதத்தான் அங்க வெப்போம். சாமி விளக்குகூட கீழதான் இருக்கும். உங்களுக்கு அது நாத்தமா இருந்தா அது உங்க மூக்கு. ஆனா கலப்படம்ங்கற வார்த்தைய எங்க குடும்பத்துல வெச்சி பேசாத."

பாஞ்சாலை கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

யாரும் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. பிரணவின் கண் விரிந்தது. "அடுப்பு மேலயா? விதை தானியத்தோடவா?" என்றான். மறுபடியும் கரண்டியை எடுத்தான். இதுவரை நாற்றம் என்று துப்பிய அதே கோப்பையை உறிஞ்சிவிட்டு, இந்த முறை விழுங்கினான். "நந்தினி, இது வேற லெவல். இதுல ஒரு கேரக்டர் இருக்கு. இப்படி யாருமே பண்றதில்ல."

நந்தினிக்கும் முகம் மாறிற்று. "பரண் காபி" என்றாள். சொல்லிப் பார்ப்பவள்போல இன்னொரு முறையும் சொன்னாள். "ஆயிரம் வருஷத்துப் பழக்கம்னு போடலாம். தாத்தா, நீங்க தலைப்பாகை கட்டிக்கிட்டு அந்த அடுப்பு முன்னாடி உக்காந்தா ஒரு போட்டோ எடுத்துக்கலாம். சட்டை வேண்டாம். சும்மா ஒரு துண்டு போதும். வெளிநாட்டுக்காரங்க இதைத்தான் கேக்கறாங்க."

"சூப்பர் மேடம்" என்றான் முருகவேல். மலையில் பிறந்தவன் என்பது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல இருந்தது. "எங்க வம்சமே அப்படித்தான், எல்லாத்தையும் பரண்லதான் வெப்போம். நைனா, ஒத்துக்க."

சடையன் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். அரை நாழிகைக்கு முன்னால் கலப்படப் பொருள் என்றார்கள். இப்போது புதையல் என்கிறார்கள். கோப்பையில் இருப்பது என்னவோ அதேதான். நாற்றம் என்று சொன்னபோதாவது அவர்கள் வாயில் ஒரு உண்மை இருந்தது என்று அவருக்குத் தோன்றிற்று.

"ஆயிரம் வருசமா?" என்றார். "காபிச் செடிய நட்டவரு எங்கப்பா. அவரு செத்தப்ப எனக்கு மீச மொளச்சிருச்சி. பரண்ல காபி ஏறுனது இந்த மாசியிலதான், அதுவும் நான் தெரியாம ஏத்துனது. கெட்டுப்போன பொருளுக்குப் பேர் வெச்சி, எஞ் சட்டையக் கழட்டி, வித்து சாப்புடணும்னு எங்க வூட்ல யாரும் பொறக்கல. மூட்டைய எடுத்து வெளிய வைங்க. பாய், வண்டி இருந்தா சொல்லுங்க. ஏத்திக்கினு போயிரலாம்."

"கவுண்டரே, கொஞ்சம் பொறுங்க" என்றார் ஜியாவுல்லா. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் பார்த்தது பாஞ்சாலையை.

பாஞ்சாலை மெதுவாகத்தான் பேசினாள். "யாரக் கேட்டு நைனா பரண்ல வெச்ச?"

சடையன் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இப்ப யாரக் கேட்டு வேணாம்ன?"

"நம்ம மானத்த..."

"ரெண்டு தடவையும் என்னக் கேக்கல" என்றாள். "அந்தப் பொம்பள என்னத் திருடின்னா. இவன் கூடப் பொறந்தவன், அவனும் திருடின்னான். பாயி, வேத்து மனுசன், அவருதான் இல்லன்னாரு. நீ எல்லாத்தையும் தெரிஞ்சிக்கினே நின்ன. ஊரச் சேத்துப் பேசனதும்தான் உனக்கு வாய் தொறந்துச்சி. என்னச் சொன்னப்ப தொறக்கல." நந்தினி பக்கம் ஒரு முறை திரும்பினாள். "போட்டோவாம், தலப்பாவாம். வெக்கமா இல்லியா உங்களுக்கு? ஆனா அதச் சொல்ல வேண்டியது நானு. என் காபி அது. என் கையில புண்ணு. நீ சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பங்குனி உச்சி வெயில். செங்கம் ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. வாசல் படியில் எல்லோரும் கழற்றிப் போட்டிருந்த செருப்புக் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுக்கக்கூட நிற்காமல், பாஞ்சாலை வெறுங்காலோடு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஓர் ஆட்டோக்காரன் வேகத்தைக் குறைத்து, "வரீங்களா அக்கா" என்றான். அவள் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சூடு தாங்காமல் ஒரு புளிய மரத்து நிழலில் நின்றாள்.

சடையன் வெளியே வந்தார். முருகவேல் பின்னாலேயே வந்து, "நைனா, அவ போவட்டும், நீ உள்ள வா, மேடம் இன்னும் பேச ரெடியா இருக்காங்க" என்றான்.

"உன் வூட்டுக்குப் போடா" என்றார் சடையன். அவனோடு அவர் அன்று பேசியது அவ்வளவுதான்.

செருப்புக் குவியலில் மகளுடையதை அவர் கண்டுபிடிக்கச் சிறிது நேரம் ஆயிற்று. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, குதிகால் தேய்ந்திருந்தது. மற்றவையெல்லாம் தோலும் பளபளப்புமாக இருந்தன. அதை எடுத்துக்கொண்டு நடந்தார். புளிய மரத்தடிக்குப் போய் மகள் பக்கத்தில் நின்றார். ஒரு போளூர் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அதில் அவர்கள் ஏறவில்லை.

"நீ இன்னா சொல்றியோ அது" என்றார் சடையன் கடைசியில்.

பாஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ இங்கியே நில்லு. கூட வராத" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தனியாகத் திரும்பிக் கடைக்குள் போனாள்.

உள்ளே என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை. ஜியாவுல்லா பிறகு சொன்னதுதான் தெரியும். இந்த வருஷத்து மூட்டைகள் பரண் காபியும் இல்லை, ஒன்றும் இல்லை, கெட்டுப்போனவை, மண்டிக்குப் போகட்டும் என்றாளாம். அடுத்த வருஷம் வலையிலிருந்து எடுத்த அன்றே நேராக இங்கே கொண்டுவந்து இறக்குவேன், என் பெயரில் எடுப்பதாக இருந்தால் எடுங்கள், படம் கிடம் கேட்டால் வராது என்றாளாம். திருடி என்று சொன்னதற்கு முதலில் மன்னிப்பென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்று நந்தினி அந்த வார்த்தையைச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தாளாம். பிரணவ் அத்தனை நேரமும் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தானாம்.

மூட்டைகள் அன்று சாயங்காலமே ஜியாவுல்லாவின் மண்டிக்குப் போயின. அடுத்த வருஷத்துக்குக் கடை ஒத்துக்கொண்டது.

சடையன் அந்தக் கடைக்காரியின் காலில் விழுந்து கெஞ்சினார், அதனால்தான் கடை ஒத்துக்கொண்டது என்று போளூர் பஸ்ஸில் ஒரு பேச்சு இருக்கிறது. நேரில் பார்த்ததாக ஆட்டோக்காரன் ஒருவன் சாட்சி வேறு சொல்கிறானாம். அது தவறு. கடைக்குள் அவர் உட்காரக்கூட இல்லை. அவர் குனிந்தது ரோட்டோரத்தில், புளிய மரத்தடியில். மகளின் செருப்பை அவள் காலடியில் வைக்கக் குனிந்தார்.